இருநூற்றைம்பத்தாறு புள்ளிக்காரர்

உலகத்தில் எத்தனையோ வகை மனிதர்கள். கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறட்டை விடுகிறவர், வரிசையில் நம் பிடரியில் மூச்சு விடுகிறவர், புறப்படுகிறேன் என்று எழுந்தபிறகு வாசற்படியில் நின்று ஒரு மணி நேரம் பேசுகிறவர். இவர்களைப் பற்றியெல்லாம் எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் சொல்லவந்த வகையை மட்டும் இதுவரை யாரும் பிடித்துவந்து காட்டியதாகத் தெரியவில்லை. பிடிக்கப் போனவர்களை அது உட்காரவைத்து, தான் எந்த வகை என்று தானே ஆதியோடந்தமாக விளக்கி, களைக்கவைத்துத் திருப்பி அனுப்பியிருக்கும்.

இந்த வகைக்கு நான் வைத்திருக்கும் பெயர் புள்ளிக்காரர். அடையாளம் சொல்கிறேன். நீங்கள் ஒருவருக்குப் போன் செய்கிறீர்கள். குரல் விட்டு விட்டு வருகிறது. "நான் பேசறது கேக்குதா?" என்கிறீர்கள். சாதாரண மனிதர் "கேக்குது" என்பார். இன்னும் அப்பாவியாக இருந்தால் "கேக்கலை" என்பார். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொன்னார் என்று நாமும் யோசிக்கமாட்டோம். புள்ளிக்காரர் இரண்டும் சொல்லமாட்டார். "அது வந்து, நீங்க சுவர் ஓரமா நிக்கிறீங்கன்னு நெனைக்கிறேன், அலை சுவத்துல பட்டுத் திரும்பி வருது, அது நேரா வர்ற அலையோட மோதுது, அதுல கட்டம் கலைஞ்சுபோகுது..." என்று ஆரம்பிப்பார். நீங்கள் கேட்டது கேட்கிறதா என்று. அவர் சொல்வது ஏன் கேட்கவில்லை என்று. கேட்கவில்லை என்றால் இவ்வளவும் எப்படிச் சொல்கிறார்? கேட்டுப் பாருங்கள், அதற்கும் விளக்கம் வைத்திருப்பார்.

என் கைவசம் இந்த வகையில் ஒரு உயர்ந்த மாதிரி இருக்கிறது. தேடி அலையவில்லை. என் அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. அத்தான் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறார். ரேடியோ அலையின் முதுகில் தகவலை ஏற்றி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புகிற கருவிகள் அங்கே வரும். ஏற்றிய தகவலில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது, எவ்வளவு வழியில் தொலைந்தது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அப்படி ஏற்றுகிற வித்தைக்குப் பாடப்புத்தகத்தில் பண்பேற்றம் என்று பெயர். அத்தான் மாடுலேஷன் என்பார். அக்கா "அந்தக் கருமம்" என்பாள். மூன்றும் ஒன்றுதான்.

மனிதர் தங்கம். கோபம் வராது, பொய் வராது, கையெழுத்துகூட மணி மணியாக இருக்கும். அவர் கையால் சரிசெய்யாத மிக்சி அந்தக் குடியிருப்பில் கிடையாது. சரிசெய்துவிட்டுப் பேசாமல் கொடுத்திருந்தால் அவருக்குச் சிலையே வைத்திருப்பார்கள். எங்கே விட்டார்? மிக்சியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் விளக்கிக்கொண்டிருப்பார். சட்னியும் ஆகாமல் சமையலும் ஆகாமல் நிற்கிற பெண்மணி, "சரிங்க, சரிங்க" என்று மிக்சியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டிருப்பார்.

அந்த வீட்டுக்குப் புதிதாக வருகிற எவரும் தப்ப முடியாது. தண்ணீர் கொடுத்த கையோடு பாடம் தொடங்கிவிடும். "ஒண்ணு, பூஜ்யம், இந்த ரெண்டை மட்டும் அனுப்பணும்னு வெச்சுக்குங்க" என்று உதட்டைக் குவிப்பார். உரக்க விசில் அடித்தால் ஒன்று, மெதுவாக அடித்தால் பூஜ்யம்: இது அலையின் வீச்சை மாற்றும் முறை. கீச்சென்று அடித்தால் ஒன்று, கட்டைக் குரலில் அடித்தால் பூஜ்யம்: இது அதிர்வெண்ணை மாற்றும் முறை. மூன்றாவது, கட்டத்தை, அதாவது அலை தன் ஆட்டத்தை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை, மாற்றும் முறை. அதற்கு விசில் போதாது. எழுந்துவிடுவார். ஒன்றுக்கு வலது காலை முன்வைத்து, பூஜ்யத்துக்கு இடது காலை முன்வைத்து, கூடத்தின் குறுக்கே நடந்து காட்டுவார். மகளின் தோழி முதல்முறை வந்தபோது, வாயில் விசிலும் காலில் தடுமாற்றமுமாக நடந்துகொண்டிருந்தவரைப் பார்த்து, சமையலறைக்கு ஓடிப்போய், "ஆன்ட்டி, அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கிசுகிசுத்தாள்.

"நல்லாத்தாம்மா இருக்காரு. அதான் பிரச்சனை" என்றாள் அக்கா.

இத்தோடு விட்டாரா? வீச்சையும் கட்டத்தையும் சேர்த்து ஒரே அலையில் ஏற்றினால் ஒரு தடவைக்கே நிறைய அனுப்பலாம் இல்லையா? அதைக் காட்ட, காலை மாற்றி வைப்பதோடு, சில அடிகளை ஓங்கி மிதிப்பார், சிலவற்றைப் பூனைபோல் வைப்பார். கீழ்வீட்டுக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்து, "மேல என்ன சார் இடிக்கிறீங்க?" என்று கேட்டார். பாவம், சண்டை போட வந்தவர். நாற்பது நிமிஷம் கழித்துக் கீழே இறங்கியபோது அவர் முகத்தில் சண்டையும் இல்லை, களையும் இல்லை. அன்றிலிருந்து மேலே யானை நடந்தாலும் அவர் வருவதில்லை.

இனி புள்ளிக்கு வருகிறேன். சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்பார். அக்காவின் தையல் பெட்டியிலிருந்து சட்டைப் பட்டன்களை எடுத்து மூலைக்கு ஒன்றாக நாலு வைப்பார். ஒவ்வொரு பட்டனும் ஒரு செய்தி. அனுப்புகிறவர் ஒரு பட்டனைத் தொடுகிறார். வாங்குகிறவர் எந்தப் பட்டன் என்று கண்டுபிடிக்கவேண்டும். நாலு பட்டன் என்றால் ஒரு தொடுதலுக்கு இரண்டு பிட், அதாவது ஒன்றும் பூஜ்யமுமாக இரண்டு இலக்கம், போகும். பதினாறு வைத்தால் நாலு பிட். அறுபத்துநாலு வைத்தால் ஆறு. இருநூற்றைம்பத்தாறு புள்ளி வைத்தால் எட்டு! இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்துவைத்தபோதுகூட அவ்வளவு வெளிச்சம் இல்லை என்று அக்கா சத்தியம் செய்வாள். குடியிருப்பில் அவருக்கு 'இருநூத்தம்பத்தாறு சார்' என்று பெயர் வந்தது இப்படித்தான்.

பாடத்தின் கடைசியில் தட்டை ஆட்டுவார். அதுதான் இரைச்சல். நாலு பட்டன் இருக்கும்போது தட்டு ஆடினாலும் எது எந்த மூலை என்று தெரியும். அறுபத்துநாலு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது லேசாக ஆட்டினாலே எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஒருநாள் அக்கா கைதுடைத்துக்கொண்டு வந்து நின்று கேட்டாள். "அப்ப நாலே வெக்கலாமேங்க?"

அத்தான் சிரித்தார். விவரம் தெரியாதவர்களைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் சிரிக்கும் இரக்கச் சிரிப்பு. "நாலு வெச்சா ரெண்டு பிட்தான் போகும். இருநூத்தம்பத்தாறுன்னா எட்டு போகும்."

"போனா சரி. போய்ச் சேரணும்ல?"

இருபத்திரண்டு வருஷம் பரிசோதனைக்கூடத்தில் நின்று அத்தான் கற்ற மொத்தப் பாடத்தையும் அக்கா நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் பட்டன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை.

உண்மையில் அத்தானுக்கு இது தொழில் மட்டும் இல்லை, சுபாவம். பேச்சும் அப்படியே. எதையும் ஒன்றொன்றாகச் சொல்ல அவருக்கு மனசு வராது. ஒரு வாக்கியத்தைத் திறந்தால் அதில் எட்டு விஷயமாவது அடைத்துத்தான் மூடுவார். ஒருமுறை வேலையிடத்திலிருந்து போன் செய்தார்: "நான் வர நேரமாகும், எலக்ட்ரீஷியன் வந்தா உள்ள விடு, வரலைன்னா அவர் நம்பர் பழைய டைரியில இருக்கு, பழைய டைரின்னா பழசு இல்ல, போன வருஷத்துது, அதுக்குள்ள மொட்டைமாடிக் கதவைப் பூட்டிராத, பூட்டினா சாவியை அவர்கிட்டயே குடுத்துரு, ஆனா அவர் கேட்டா குடுக்காத." போனை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அன்று மாலை மொட்டைமாடியில் பூட்டப்பட்டு இரண்டு மணி நேரம் கத்திய எலக்ட்ரீஷியன் அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அக்காவின் பேச்சு வேறு. "சாப்பாடு ரெடி." "கெளம்புங்க." "வேண்டாம்." ஒரு தடவைக்கு ஒன்று. அந்த வீட்டில் ஒரு காரியம் நடந்திருக்கிறது என்றால் அது அக்கா சொன்னதாகத்தான் இருக்கும்.

இந்த இருவருக்கும் ஒரே மகள். பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், வயது இருபத்துநாலு. பேச்சுப் பயிற்சி படித்தவள். மூளையில் அடைப்பு வந்து பேச்சை இழந்தவர்களுக்குத் திரும்பப் பேசக் கற்றுக்கொடுக்கும் வேலை. அப்படி ஒரு பெரிய மறுவாழ்வு மையத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. படிக்கும்போதே அந்த மையத்தில் வேலை பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். போன வருஷம் அதே இடத்துக்கு நேர்காணல் வரைக்கும் போய், வாய் உலர்ந்து, தெரிந்த பதிலையே சொல்லாமல் திரும்பி வந்து ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. இந்த வருஷம் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். காலை பதினோரு மணிக்கு, கம்ப்யூட்டர் வழியாக, முகம் பார்த்து.

இங்கே அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. குடியிருப்பு பள்ளத்தில் இருக்கிறது. கைபேசியில் ஒரு சிக்னல் கோடு காட்டவேண்டுமென்றால் பால்கனி மூலையில் ஒற்றைக்காலில் நிற்கவேண்டும். அதனால்தான் அத்தான் மொட்டைமாடியில் ஒரு சின்ன வட்ட ஆன்டெனாத் தட்டை நிறுத்தி, நாலு தெரு தள்ளி மேட்டிலிருக்கும் கட்டடத்து மாடியிலிருந்து இன்டர்நெட்டைக் காற்று வழியாக இழுத்திருந்தார். அருமையான ஏற்பாடு. அந்தக் கருவிக்கும் நல்ல புத்தி உண்டு. வானம் தெளிவாக இருந்தால் அதுவே புள்ளிகளைக் கூட்டிக்கொள்ளும். மழை, காற்று என்றால் அதுவே குறைத்துக்கொண்டு, மெதுவாக ஆனாலும் பிழையில்லாமல் அனுப்பும். விரலுக்குத் தகுந்த வீக்கம்.

அத்தானுக்கு அது பொறுக்கவில்லை. தினமும் கம்ப்யூட்டரில் அதன் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். 'அறுபத்துநாலு' என்று காட்டினால் முகம் வாடும். 'பதினாறு' என்றால் அன்று சாப்பாடு இறங்காது. பரீட்சைத் தாளை வாங்கிப் பார்க்கிற தகப்பன் மாதிரி, "மீதி எங்க போச்சு?" என்று கருவியையே கேட்பார்.

நேர்காணல் அன்று காலை நானும் அங்கே போயிருந்தேன். நல்ல வெயில். அத்தான் லீவு போட்டுவிட்டு, சவரம் செய்துகொண்டு, தனக்கே நேர்காணல் என்பதுபோல் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஒன்பது மணிக்கு அந்தக் கருவியின் பக்கத்தைத் திறந்து, 'தானாக மாற்றிக்கொள்' என்றிருந்ததை அணைத்து, வீட்டிலிருந்து வெளியே அனுப்புவதை மட்டும் இருநூற்றைம்பத்தாறில் வைத்துப் பூட்டினார். மேட்டுக் கட்டடத்துக் கருவி அவர் கைக்கு எட்டாது, அது பாட்டுக்குத் தானாகவே இருந்தது.

"எதுக்கு அத்தான் அதைப் போய் நோண்டறீங்க? நல்லாத்தானே ஓடுது?" என்றேன்.

"மச்சான், அது பயந்தாங்கொள்ளி. ஒரு இலை ஆடினா எறங்கிரும். இன்னிக்கு என் பொண்ணு மொகம் அங்க பளிச்சுனு தெரியணும். ஒரு சின்னக் கலங்கல் இருக்கக்கூடாது. எம்பொண்ணுக்கு நாலு போதும், பதினாறு போதும்னு நானே வெப்பேனா?"

எந்தத் தகப்பன்தான் மகளுக்குக் குறைத்து வைப்பான்? நானாக இருந்தாலும் பெரிய எண்ணைத்தான் அமுக்கியிருப்பேன். அதில் உள்ள வம்பு என்ன என்று பிறகுதான் தெரிந்தது.

பதினோரு மணி. பாப்பா கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் மூவரும் வெளியே, கண்ணில் படாமல் சுவரோரம். திரையில் மூன்று பேர். நடுவிலிருந்த கண்ணாடி போட்ட அம்மாள்தான் தலைமை. முதல் இரண்டு கேள்விக்குப் பாப்பா நன்றாகப் பதில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பிடி கொஞ்சம் தளர்ந்தது.

அப்போது வெளியே சடசடவென்று ஒரு சத்தம். அடாத மழை இல்லை. சும்மா ஒரு திடீர் மழை. ஆனால் இரண்டு மாடிகளுக்கும் நடுவே ஒரு பெரிய மரம் இருந்தது. போன வருஷம் அது தட்டின் பார்வைக்குக் கீழே நின்றது. அது வளர்ந்துவிட்டதை யாரும் அத்தானிடம் சொல்லவில்லை. நனைந்த இலைகள் காற்றில் ஆட ஆரம்பித்தன.

கண்ணாடி அம்மாள் கேட்டார்: "நீங்க சொல்றது நோயாளிக்குப் புரியவே இல்லைன்னா என்னம்மா செய்வீங்க?"

போன வருஷம் பாப்பா வாய் உலர்ந்து நின்றது இதே கேள்வியில்தான். இந்த முறை தயங்கவில்லை. அழகாக, நிறுத்தி, மனசிலிருந்து ஒரு பதில் சொன்னாள். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. பதில் முடிந்தது. திரையில் மூன்று பேரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹலோ? அம்மா, உங்க குரல் வரலை. படமும் நின்னுபோச்சு" என்றார் கண்ணாடி அம்மாள்.

அவர்கள் சொல்வது எங்களுக்குக் கணீரென்று கேட்டது. நாங்கள் சொல்வதுதான் போய்ச் சேரவில்லை. பாப்பா இன்னும் உரக்கச் சொன்னாள். கையை ஆட்டினாள். அங்கே அவள் வாய் பாதி திறந்தபடி உறைந்து நின்றிருக்கவேண்டும். மூன்று பேரும் சங்கடமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க கேட்டுக்கிட்டிருந்தா ஒண்ணு சொல்றேம்மா. பத்து நிமிஷம் பார்க்கிறோம். அதுக்குள்ள சரியாகலைன்னா அடுத்தவங்களைக் கூப்பிடறதைத் தவிர வேற வழியில்லை."

"அப்பா!"

அத்தான் பாய்ந்து உள்ளே போனார். கருவியின் பக்கத்தைத் திறந்தார். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது அவருக்கு. அதில் குறை சொல்லவே முடியாது; உலகத்திலேயே அவ்வளவு சீக்கிரம் அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் நூறு பேர்கூட இருக்கமாட்டார்கள். புரிந்ததும் என்ன செய்யவேண்டும்? ஒரு பட்டனை அமுக்கவேண்டும். அத்தான் என்ன செய்தார்?

விளக்கினார்.

"ஆகா! பார்த்தியா பாப்பா, பதட்டப்படாத, ஒண்ணுமில்ல, ஈர இலை அலையை உறிஞ்சுது. நாம அனுப்பற பலம் அங்க போகும்போது குறையுது, இரைச்சல் அப்படியே இருக்கு. இருநூத்தம்பத்தாறு புள்ளின்னா ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு நெருக்கம்! அங்க இருக்கிற கருவிக்கு எது எதுன்னு பிரிக்க முடியலை..." என்று சொல்லிக்கொண்டே மேசைமேல் கிடந்த தாளை எடுத்துப் புள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் போயிருந்தது. நான் நகத்தைக் கடித்தேன். மூன்று நிமிஷம். அத்தான் நாலாவது வரிசைப் புள்ளிகளுக்கு வந்திருந்தார்.

"எறக்குங்க" என்றாள் அக்கா.

"இரு, எறக்கறதுன்னா எவ்வளவு எறக்கறது? அறுபத்துநாலு பார்க்கலாம், அதுவும் நிக்கலைன்னா முப்பத்திரண்டு, ஆனா அதோட அமைப்பு கொஞ்சம் வேற மாதிரி, மூலைப் புள்ளியெல்லாம் இருக்காது, ஏன்னா..."

"நாலுக்கு எறக்குங்க."

"நாலா? இன்னிக்கா? படம் மங்கிரும்டி! எம்பொண்ணு மொகம்..."

ஐந்து நிமிஷம். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக் கோபம் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வருகிறது என்று நான் பயந்தேன். ஆனால் பேசியது அக்கா இல்லை. பாப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பாவின் வெள்ளைச் சட்டைக் கையைப் பிடித்தாள். அழவில்லை. சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள்.

"அப்பா. என்னைப் பாருங்க. என் மொகம் அழகாத் தெரிய வேண்டாம். நான் சொல்றது அங்க போகணும். அவ்வளவுதான்."

அத்தான் அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கையில் இருந்த பேனாவை மெல்ல மூடினார். அந்த மனிதரை எனக்குக் கால் நூற்றாண்டாகத் தெரியும். வாயைத் திறந்துவிட்டுச் சொல்லவந்ததைச் சொல்லாமல் மூடியதை அன்றுதான் பார்த்தேன். திரும்பி, கருவியின் பக்கத்தில் விரலை வைத்தார். இருநூற்றைம்பத்தாறு, நூற்றிருபத்தெட்டு, அறுபத்துநாலு என்று மேலிருந்து கீழே வந்து, கடைசியில் நின்ற நாலை அமுக்கினார்.

"வந்துட்டீங்களா!" என்றது திரை.

ஏழாவது நிமிஷம்.

படம் மங்கலாகத்தான் இருந்திருக்கும். பாப்பாவின் முகம் அங்கே கட்டம் கட்டமாகத் தெரிந்திருக்கும். ஆனால் குரல் போய்ச் சேர்ந்தது. கண்ணாடி அம்மாள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். பாப்பா முதலில் சொன்ன அந்த நீண்ட, அழகான பதிலை விட்டுவிட்டாள்.

"என் வார்த்தையைக் குறைப்பேன், மேடம். ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயம் சொல்வேன். அவங்க ஆமா, இல்லைன்னு பதில் சொல்ற மாதிரி கேப்பேன். புரிஞ்சுதான்னு பார்த்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போவேன். எவ்வளவு சொன்னோம்ங்கறது முக்கியமில்லை. எவ்வளவு போய்ச் சேர்ந்துச்சுங்கறதுதான்."

அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார். மறுபடி சுவரோரம் ஒதுங்கியிருந்த அத்தானும் தலையாட்டினார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "இதை இவ எந்தக் காலேஜ்லயும் படிக்கலைடா. இந்த வீட்ல படிச்சது."

இத்துடன் அத்தான் திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு இந்த வகையைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாளே குடியிருப்பு முழுவதும் செய்தி பரவியது: இக்கட்டான நேரத்தில், நாலு புள்ளி முறையின் மகத்துவத்தை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்ததால் மட்டுமே நேர்காணல் தப்பியது. பரப்பியவர் யார் என்று நான் சொல்லவேண்டுமா? கீழ்வீட்டுக்காரரையும் வழிமறித்துப் பிடித்துவிட்டார். பெரிய எண்ணுக்கு ஆசைப்படுகிற இன்றைய தலைமுறையைப் பற்றி முப்பது நிமிஷம் வருத்தப்பட்டார். "எதுக்கு சார் அகலக்கால் வெக்கணும்? நாலு போதும்" என்று முடித்தபோது, அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவரே தான்தான் என்பதுபோல் ஒரு அடக்கம் முகத்தில்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு பகல்வேளையில், அந்த மையத்திலிருந்து கடிதம் வந்தது. பாப்பா பால்கனி மூலைக்கு ஓடி, ஒற்றைக்காலில் நின்று அப்பாவின் பரிசோதனைக்கூடத்துக்குப் போன் போட்டாள். நானும் அக்காவும் பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு நின்றோம்.

"அப்பா, வேலை கெடச்சிருச்சு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு விநாடி. இரண்டு. மூன்று. வழக்கமாக இந்த நேரத்துக்கு எட்டு விஷயம் வந்து விழுந்திருக்கவேண்டும். அக்கா பயந்துபோய்ப் போனை வாங்கினாள்.

"என்னங்க? என்ன ஆச்சு? அழறீங்களா?"

"ஆமா" என்றார் அத்தான்.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. இருபத்தைந்து வருஷத்தில் அக்காவுக்கு அவரிடமிருந்து குறையில்லாமல், சிந்தாமல் சிதறாமல், முழுசாக வந்து சேர்ந்த முதல் செய்தி அதுதான் என்று நினைக்கிறேன். அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். (பத்து நிமிஷம் கழித்து மறுபடி போன் வந்தது. அழும்போது குரலின் அதிர்வெண் ஏன் மாறுகிறது என்று அத்தான் பாப்பாவுக்கு விளக்கினார். அது வேறு.)

இதை எழுதி முடித்து என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டிவிட்டு, "பொண்ணுக்கு வேலை கெடச்சுதா, இல்லையா? அதை முதல்ல சொல்லுங்க" என்றாள். நான், "அது வந்து, அதுக்கு முன்னாடி அந்தக் கருவி எப்படின்னு தெரிஞ்சாத்தான்..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னையே பார்த்தாள். நான் காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே வாசகரே, இந்த ரகம் கண்காணாத பரிசோதனைக்கூடங்களில் மட்டும்தான் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மாடுலேஷன் படித்திருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. நேற்று உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம் ஒன்று கேட்டார்கள். ஞாபகப்படுத்திப் பாருங்கள். "நாளைக்கு என்கூட வர்றீங்களா?" என்றோ, "என்மேல கோபமா?" என்றோ, ஆமா இல்லை என்று முடிகிற ஒரு சின்னக் கேள்வி. கேட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

"இல்ல, அன்னிக்கு நெலைமை என்னன்னா..." என்கிறீர்களா? சரிதான்.